விதையைக் களத்தில் எடுக்காதீர்கள், வயலில் எடுங்கள்: இயற்கை விவசாயி தானே நெல் ரகம் உண்டாக்கும் வழி

அறுவடை முடிந்து களத்தில் நெல் குவிந்து கிடக்கும்போது, நன்றாகத் தெரிகிற பக்கமாகப் பார்த்து ரெண்டு மூட்டை கட்டி, இது விதைக்கு என்று ஒதுக்கி வைப்போம். எங்கள் வீட்டிலும் அதுதான் வழக்கம், நானும் பல வருடம் அதையே செய்தேன். அதில் ஒரு கோளாறு இருக்கிறது. குவியலில் மணியைத்தான் பார்க்க முடியும், செடியைப் பார்க்க முடியாது. எது குலைநோய் என்ற பூசண நோயில் தப்பியது, எது காற்றில் சாயாமல் நின்றது, எது களைக்கு நடுவே முண்டிக்கொண்டு மேலே வந்தது என்பதெல்லாம் அரிவாள் பட்டதோடு போய்விடும். களத்தில் விதை எடுப்பவர் போன வருடத்து வயலை அப்படியே அடுத்த வருடத்துக்குத் தூக்கி வைக்கிறார், அவ்வளவுதான். வயலில் நின்று செடி பார்த்து எடுப்பவர்தான் ரகம் உண்டாக்குகிறவர். இதில் பெரிய படிப்பு எதுவும் தேவைப்படாது. ஒரு நோட்டு, ஒரு பென்சில், கிழிந்த சேலைத் துண்டு கொஞ்சம், நிறையப் பொறுமை.

ரகம் உண்டாக்குவது ஆராய்ச்சி நிலையத்து வேலை, நமக்கெதற்கு என்று கேட்பவர்களுக்கு ரெண்டு கதை சொல்வேன். 1921-ல் கோயம்புத்தூரில் கோனாமணி என்ற நெல்லுக்குள் தானாகவே மாறி வந்த ஒரு செடியைக் கண்டு பொறுக்கி எடுத்ததுதான் ஜி.இ.பி. 24. அதன் வாரிசு டி.கே.எம். 6, அதன் வாரிசு நம் அப்பா காலத்தில் எல்லோரும் போட்ட ஐ.ஆர். 20. யாரோ ஒருவர் கண் ஒரு செடியில் நின்றதால் வந்த வம்சம் அது. சரி, அவர்கள் அரசாங்க ஆட்கள் என்பீர்கள். மகாராஷ்டிராவில் சந்திரபூர் மாவட்டத்து தாதாஜி கோப்ரகடே சிறு விவசாயி, அதிகம் படித்தவர் இல்லை. 1983-ல் தன் வயலில் படேல் 3 என்ற நெல்லுக்குள் வேறு மாதிரி நின்ற சில கதிர்களைத் தனியாக எடுத்து வைத்து, வருடா வருடம் தனியே விதைத்து, பொறுக்கிப் பொறுக்கி ஒரு சன்ன ரகத்தைக் கொண்டுவந்தார். அப்போது பிரபலமாக இருந்த கைக்கடிகாரத்தின் பெயர் அதற்கு ஒட்டிக்கொண்டது: எச்.எம்.டி. அவர் வயலில் ஆய்வகம் எதுவும் கிடையாது.

இருக்கிற ரகங்கள் போதாதா

அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையம் 1937-லிருந்து இருக்கிறது. அங்கிருந்து 1986-ல் வந்த அம்பை 16 இல்லாமல் தாமிரபரணிப் பாசனத்துக் கார் பருவத்தை, அதாவது ஜூன் வாக்கில் தொடங்கும் முதல் நெல் பருவத்தை, நினைத்துப் பார்க்கவே முடியாது. குண்டு அரிசி, 110 நாள் சொச்சத்தில் வீட்டுக்கு வரும், இட்லிக்கு நன்றாக இருக்கும். அந்த ரகத்தின் மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் இந்த மாதிரிக் குட்டை ரகங்களைப் பொறுக்கி எடுத்த வயலில் யூரியா வேளாவேளைக்கு விழுந்திருக்கும், களை இருந்திருக்காது. நம் வயலில் கொழுஞ்சியும் தக்கைப்பூண்டும் பசுந்தாள் உரமாக மடக்கி உழுதிருக்கிறோம், தழைச்சத்து மெதுவாகத்தான் கிடைக்கும். முதல் முப்பது நாள் குட்டைச் செடி வெளிறிப்போய் நிற்க, கோரையும் குதிரைவாலிப் புல்லும் அதற்கு மேலே குடை பிடிக்கும்.

அப்படியென்றால் நாட்டு ரகமே போதுமே என்பார்கள். நெல் ஜெயராமன் போன்றவர்கள் தேடித் தேடிச் சேர்த்த மாப்பிள்ளை சம்பா, தூயமல்லி, பூங்கார், கருப்பு கவுனி எல்லாம் இன்று நம் கையில் இருப்பது பெரிய விஷயம்தான். ஆனால் டெல்டாவிலிருந்து வந்த விதை டெல்டாவுக்குப் பழகியது. அதோடு ஆள் உயரம் வளரும் ரகம் பிசானத்து, அதாவது காருக்கு அடுத்து வரும் வடகிழக்கு மழைப் பருவத்து, மழைக்காற்றில் படுத்துக்கொள்கிறது, அறுக்க ஆள் கிடைக்காது, மெஷின் ஓடாது. நாட்டு ரகத்தைத் தொடக்கூடாது, மாற்றக்கூடாது என்று சிலர் கோயில் சிலை மாதிரி வைத்திருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நம் முன்னோர் பொறுக்கிப் பொறுக்கித்தான் அவற்றை நாட்டு ரகம் ஆக்கினார்கள். பொறுக்குவதை நாம் நிறுத்தியதுதான் புதுசு.

முதல் வேலை: உள்ளதிலேயே பொறுக்குவது

ஒட்டுக்கட்டும் ஆசையை, அதாவது ஒரு ரகத்தின் மகரந்தத்தை இன்னொன்றின் பூவில் சேர்க்கும் ஆசையை, முதல் ரெண்டு வருடம் அடக்கி வையுங்கள். கையில் இருக்கிற ஒரு நாட்டு ரகத்தை எடுத்து ஒரு மரக்கால் விதைப்பாடு, எங்கள் கணக்கில் சுமார் 8 சென்ட், ஒற்றை நாற்றாக 25 செ.மீ. இடைவெளியில் நடுங்கள். ஒரு குத்தில் நாலைந்து நாற்று வைத்தால் எது எந்தச் செடி என்றே தெரியாது, பொறுக்குவதற்கே வழியில்லை. இந்த வயலுக்குத் தனியாகச் சீராட்டல் வேண்டாம். கூடுதல் எரு, கூடுதல் களையெடுப்பு, பஞ்சகவ்யம் ரெண்டு தடவை அதிகம் என்று செல்லம் கொடுத்தால், செல்லத்துக்குப் பழகிய செடிதான் தேறும். உங்கள் மற்ற வயல் எப்படிக் கிடக்குமோ அப்படியே இதுவும் கிடக்கட்டும்.

மூன்று தடவை வயலைச் சுற்ற வேண்டும். தூர் கட்டும்போது, அதாவது அடியில் கிளை வெடிக்கும்போது, ஒன்று: எந்தக் குத்து சீக்கிரம் இலை விரித்துத் தரையை மூடுகிறது என்று பாருங்கள், இயற்கை வயலில் பாதிக் களையெடுப்பு அங்கேயே முடிந்துவிடும். கதிர் வெளிவரும்போது ஒன்று: பூக்கும் தேதி, கதிரின் கழுத்தில் வரும் குலைநோய், மணி பிடிக்காமல் வெளுத்த வெண்கதிர். முற்றும்போது ஒன்று: சாய்ந்ததா, பதர் எவ்வளவு, எல்லாத் தூரும் ஒன்றாக முற்றுகிறதா. பிடித்த குத்தில் ஒவ்வொரு தடவையும் ஒரு சேலைத் துண்டு கட்டுங்கள், தடவைக்கு ஒரு நிறம். கடைசியில் மூன்று நிறமும் இருக்கிற குத்து எது என்று பார்த்தால் போதும். கதிர் நீளத்தைப் பார்த்து மயங்குவதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. நீளக் கதிரில் அடியில் பாதி பதராக இருக்கும். நடுத்தரமான கதிர் பதினைந்து இருக்கிற குத்து, பெரிய கதிர் ஐந்து இருக்கிற குத்தைவிடப் பெரும்பாலும் கூடக் கொடுக்கும். எண்ணாமல், எடை போடாமல் முடிவு செய்யாதீர்கள்.

இந்த இடத்தில் நான் ஏமாந்த கதையைச் சொல்லியாக வேண்டும். 2023 டிசம்பர் 17, 18-ல் தாமிரபரணி ஆறு பெருகியது உங்களுக்கும் மறந்திருக்காது. கன்னடியன் கால்வாய்ப் பக்கம் என் தூயமல்லி நட்டு நாற்பது நாள் ஆகியிருந்தது. நாலு நாள் தண்ணீருக்குள் கிடந்தது, வடிந்தபோது வண்டல் மூடி வயலே தெரியவில்லை. பத்து நாள் கழித்துப் போய்ப் பார்த்தால் அங்கங்கே பச்சை. எண்ணினேன், 61 குத்து. வெள்ளம் தாங்கும் தூயமல்லி கிடைத்துவிட்டது என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டேன், பேர்கூட யோசித்து வைத்திருந்தேன். அறுக்கும்போது மாமா ஒருவர் வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "எல்லாம் வடக்கு மூலையிலேயே நிக்குதே மாப்ளே, அது மேடுல்லா" என்றார். அவ்வளவுதான். நாற்பதுக்கு மேல் அந்த மூலையில்தான் நின்றன. செடி தாங்கவில்லை, தண்ணீர்தான் அங்கே சீக்கிரம் வடிந்திருக்கிறது. மீதிப் பள்ளத்தில் நின்ற பதினேழு குத்தை மட்டும் தனியாக வைத்தேன். அதிலும் எத்தனை உண்மை என்று இன்னொரு வெள்ளம் வந்தால்தான் தெரியும், அது வர வேண்டாம்.

அதிலிருந்து கட்டம் கட்டாமல் நான் பொறுக்குவதே இல்லை. வயலைக் கயிறு பிடித்து 4 மீட்டருக்கு 4 மீட்டர் கட்டமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். ஒரு மரக்கால் விதைப்பாட்டுக்குச் சுமார் இருபது கட்டம் வரும். ஒவ்வொரு கட்டத்திலும் அந்தக் கட்டத்துக்குள்ளேயே சிறந்த பத்துக் குத்தை எடுங்கள், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். எருக்குழிப் பக்கத்துக் கட்டத்தில் எல்லாமே கொழுத்து நிற்கும், அங்கிருந்து ஐம்பது எடுக்கக் கை பரபரக்கும், பத்துதான். உவர்ப் பக்கத்தில் எல்லாமே வாடி நிற்கும், அங்கேயும் இருப்பதில் நல்லதாகப் பத்து. இப்படிச் செய்தால் மண்ணுக்குக் கொடுக்க வேண்டிய மார்க்கைச் செடிக்குக் கொடுத்துவிட மாட்டோம். வரப்போரத்து ரெண்டு வரிசையைத் தொடவே தொடாதீர்கள், வெளிச்சம் அதிகம் கிடைப்பதால் அவை எப்போதும் அழகாகத்தான் இருக்கும்.

இருபது கட்டத்தில் இருநூறு குத்து. குத்துக்கு ரெண்டு நல்ல கதிர் எடுத்தால் சுமார் ஒரு கிலோ நெல் தேறும், அடுத்த வருடம் அதே எட்டு சென்ட் நட்டதுபோகக் கையிருப்பும் மிஞ்சும். ஐந்தாறு குத்தில் மட்டும் விதை எடுத்தால் ரகத்துக்குள் இருக்கும் பலவகைத் தன்மை சுருங்கிப்போகும். ரகத்துக்குள் வேறு மாதிரி நிற்கும் கலவனைப் பிடுங்குவதில்கூட எனக்குக் கொஞ்சம் நிதானம் உண்டு. மணி நிறமே வேறாக, உயரமே வேறாக நிற்பதை எடுத்துவிடுவேன், ஆனால் தூக்கிப் போட மாட்டேன்; தனிப் பையில் போட்டு அடுத்த வருடம் ஒரு வரிசை நட்டுப் பார்ப்பேன். கோப்ரகடேயின் நெல்லும் ஒரு காலத்தில் கலவன்தான்.

கலந்து நடுவது

ஒரு வயலில் ஒரே ரகம்தான் இருக்க வேண்டும் என்பது ரைஸ்மில்லுக்குத் தேவை, வயலுக்கு அது தேவையில்லை. சீனாவின் யுன்னான் மாகாணத்தில் குலைநோய்க்கு எளிதில் விழும் ஒட்டரிசி (வெந்தால் பிசினாக ஒட்டும் அரிசி) ரகத்தை, நோய் தாங்கும் ரகத்தின் வரிசைகளுக்கு நடுவே நட்டுப் பெரிய பரப்பில் பார்த்தார்கள். தனியாக நட்டதைவிட அந்த ஒட்டரிசியில் குலைநோய் 94 சதவீதம் குறைந்தது. 2000-ல் அந்த முடிவு வெளியானது. பூசணம் ஒரு செடியிலிருந்து பக்கத்துச் செடிக்குத் தாவ முடியாமல் நடுவில் வேறு ரகம் சுவர் மாதிரி நிற்கிறது, கணக்கு அவ்வளவுதான். ஒரே சமயத்தில் முற்றும் மூன்று நாலு ரகத்தைச் சேர்த்து ஐந்தாறு வருடம் ஒன்றாகவே விதைத்து, ஒன்றாகவே அறுத்து, அதிலிருந்தே மறுபடி விதைத்தால் உங்கள் மண்ணுக்கு ஒத்துவராதது தானாகக் குறையும். இதில் ஒரு ஆபத்து உண்டு: உயரமானது குட்டையை அமுக்கிவிடும், மூன்றாம் வருடம் பார்த்தால் வயல் முழுக்க உயரமானதாக இருக்கும். வயலை மட்டும் நம்பாமல் வருடத்துக்கு ஒரு தடவை நீங்களும் இறங்கி, சாய்கிறதை அறுத்துத் தள்ள வேண்டும்.

ஒட்டுக்கட்டுவது

ரெண்டு ரகத்தின் குணமும் ஒரே செடியில் வேண்டுமென்றால் இதுதான் வழி. நான் எடுத்துக்கொண்டது அம்பை 16 தாய், மாப்பிள்ளை சம்பா தகப்பன். காரணம் எளிது: அம்பை 16-ன் மணியும் சாயாத தண்டும் வேண்டும், மாப்பிள்ளை சம்பாவின் வேரும் ஆரம்ப வேகமும் சிவப்பு அரிசியும் வேண்டும். நாட்டு விதை நண்பர்கள் சிலர் இதைக் கேட்டுவிட்டு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

முதல் சிக்கல் பூக்கும் நாள். மாப்பிள்ளை சம்பா 160 நாள் பயிர், பூக்க 130 நாள் ஆகும். அம்பை 16 எண்பது எண்பத்தைந்து நாளில் பூத்துவிடும். அதனால் தகப்பனை முதலில் விதைத்து, 40, 50, 60 நாள் கழித்து மூன்று தவணையாகத் தாயை விதையுங்கள், ஏதாவது ஒன்று சேர்ந்துவிடும். சம்பா ரகங்கள் பலவும் பகல் குறைவதை அறிந்து பூப்பவை. நம் ஊரில் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒரு மணி நேரம்தான், ஆனால் செடிக்கு அது போதும். காரில் விதைத்தால் இலையாக வளர்ந்துகொண்டே போகும், எனவே இந்த வேலைக்குப் பிசானம்தான்.

வயலில் குனிந்து நின்று செய்யாதீர்கள், இடுப்பு போய்விடும். தாய்ச் செடியைக் குத்தோடு மண் சேர்த்துப் பெயர்த்துப் பழைய பெயிண்ட் வாளியில் வைத்துத் திண்ணைக்குக் கொண்டுவாருங்கள். கண்ணாடி இலையிலிருந்து, அதாவது கதிரை மூடியிருக்கும் கடைசி இலையிலிருந்து, கதிர் பாதிக்குக் கொஞ்சம் மேல் வெளிவந்ததாக இருக்க வேண்டும். நுனியில் ஏற்கெனவே விரிந்த பூக்களை வெட்டி எறியுங்கள், அடியில் ரொம்பப் பிஞ்சாக இருப்பதையும் எறியுங்கள், நடுவில் முப்பது நாற்பது பூ இருந்தால் போதும். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் உட்கார்ந்து, சின்னக் கத்தரிக்கோலால் ஒவ்வொரு பூவின் மேல் மூன்றில் ஒரு பங்கைச் சாய்வாக நறுக்குங்கள். உள்ளே ஆறு மகரந்தப் பை இருக்கும், ஊசியாலோ மெல்லிய இடுக்கியாலோ ஆறையும் எடுக்க வேண்டும். ஐந்து எடுத்து ஒன்றை விட்டால் அது தன்னைத்தானே சூல் கொள்ளும், ஒரு வருடம் வீண். மகரந்தத்தை வாங்கும் சூல்முடி இறகு மாதிரி ரெண்டாகப் பிரிந்து இருக்கும், அதில் ஊசி படக்கூடாது. முடிந்ததும் பேக்கரிக் கடையில் கிடைக்கும் பட்டர் பேப்பரில் உறை செய்து மூடி, தேதி எழுதிக் கட்டுங்கள். பென்சிலில் எழுதுங்கள், மார்க்கர் எழுத்து வெயிலுக்கும் மழைக்கும் வெளுத்துப்போகும், பென்சில் போகாது.

மறுநாள் காலை ஒன்பதிலிருந்து பதினொரு மணிக்குள் தகப்பன் வயலில் பூ விரிந்து மகரந்தப் பை வெளியே தொங்கும். ஒரு கதிரை ஆட்டாமல் வெட்டிக் கொண்டுவந்து, தாயின் உறைக்குள் விட்டு மெதுவாகத் தட்டுங்கள், மஞ்சள் தூசி விழுவது கண்ணுக்குத் தெரியும். மூடிவிட்டு அடுத்த நாளும் ஒரு தடவை. மேகமூட்டமான நாளில் பூ தாமதமாக விரியும், அவசரப்படாதீர்கள். ஐந்து நாளில் பிடித்த பூவுக்குள் மணி வளர்வது தெரியும், இருபத்தைந்து முப்பது நாளில் முற்றும். உமியின் தலையை நாம் வெட்டிவிட்டதால் அரிசி பாதி வெளியே தெரியும்படி அரைநிர்வாணமாக இருக்கும், அதுதான் அடையாளம். முதல் தடவை நான் 40 பூ வெட்டினேன், கிடைத்தது 3 மணி. அந்த மூன்றையும் ஈரப் பஞ்சில் முளைக்க வைத்துக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன். மூன்று போதும், ஒரு செடியே நூற்றுக்கணக்கில் விதை கொடுக்கும்.

ஒட்டு உண்மையா என்று எப்படித் தெரியும்? முதல் தலைமுறைச் செடி உயரமாக வந்தால் உண்மை, தாய் மாதிரிக் குட்டையாக இருந்தால் ஒரு மகரந்தப் பை தப்பியிருக்கிறது. உயரம் குட்டையை மறைக்கும், சிவப்பு வெள்ளையை மறைக்கும். அந்தச் செடியின் நெல்லை உரித்துப் பார்த்தால் எல்லாமே சிவப்பாக இருக்கும்.

அதற்கப்புறம் வரும் தலைமுறைகள்

ரெண்டாம் தலைமுறையில்தான் வேடிக்கை. 25 செ.மீ. இடைவெளியில் ஒரு சென்ட்டுக்குச் சுமார் 640 குத்து, ரெண்டு சென்ட் நட்டால் 1,200-க்கு மேல், ஒன்று மாதிரி ஒன்று இருக்காது. கணக்குப்படி நாலில் ஒன்று குட்டை, நாலில் மூன்று சிவப்பு, ரெண்டும் சேர்ந்து இருப்பது பதினாறில் மூன்று. 1,200-ல் 225 குத்து குட்டையாகவும் சிவப்பாகவும் நிற்கும். நூறு செடி மட்டும் நட்டிருந்தால் பத்தொன்பதுதான் கிடைக்கும், அதில் நோய், பூச்சி, மயில் போக என்ன மிஞ்சும்? அதனால்தான் இந்த ஒரு தலைமுறையில் மட்டும் இடத்தில் கஞ்சத்தனம் காட்டாதீர்கள் என்கிறேன். சிவப்பாக இருப்பதெல்லாம் நிலைத்துவிட்டது என்றும் நினைக்காதீர்கள், மூன்றில் ரெண்டு சிவப்புக்குள் வெள்ளை ஒளிந்திருக்கும், அடுத்த வருடம் தலைகாட்டும்.

இந்தத் தலைமுறையில் கடுமையாகப் பொறுக்க வேண்டாம். நோயில் விழுந்தது, ஆளுயரம் போனது, ரொம்பப் பிந்தியது இவற்றை மட்டும் கழித்துவிட்டு, மீதியில் குத்துக்கு ஒரு கதிர் எடுத்து மொத்தமாகக் கலந்து அடுத்த வருடம் விதையுங்கள். நெல் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்ளும் பயிர் என்பதால் ஒவ்வொரு தலைமுறைக்கும் கலப்பு பாதியாகக் குறையும்: ரெண்டாவதில் 50 சதவீதம், மூன்றாவதில் 25, நாலாவதில் 12.5, ஐந்தாவதில் 6.25. ஐந்தாவது வரும்போது செடி சொல்வதை நம்பலாம். அப்போது கட்டம் கட்டி நாற்பது ஐம்பது கதிர் எடுத்து, ஒரு கதிர் நெல்லை ஒரு வரிசையாக நடுங்கள். ஒவ்வொரு பத்து வரிசைக்கும் ஒரு வரிசை உங்கள் பழைய ரகத்தை நட்டு வையுங்கள், ஒப்பிட அதுதான் அளவுகோல். ஒரு வரிசைக்குள்ளேயே செடிக்குச் செடி மாறினால் அந்த வரிசையை விட்டுவிடுங்கள். சீக்கிரம் முடிக்கக் காரிலும் ஒரு தலைமுறை எடுக்கலாமே என்று தோன்றும். எடுக்கலாம், ஆனால் காரில் பூக்காத செடியெல்லாம் தானாகக் கழிந்துபோகும். குறுகிய வயது ரகம்தான் உங்களுக்கு வேண்டுமென்றால் அது லாபம்.

இடையில் விதை கலந்துபோகாமல் பார்ப்பதுதான் உண்மையான பாடு. பக்கத்து நெல்லுக்கும் இதற்கும் 3 மீட்டர் இடைவெளி இருந்தால் காற்றில் வரும் மகரந்தத்துக்குப் போதும். கலப்பு பெரும்பாலும் வேறு வழியில் வரும்: போன பருவத்தில் உதிர்ந்து முளைத்த நெல், நாற்றைக் கட்டிக் கொண்டுவரும்போது மாறிப்போகும் நாற்றுக்கட்டு, எல்லாவற்றுக்கும் மேல் அறுவடை மெஷின். அதன் வயிற்றுக்குள் முந்தின ஊர் நெல் இருக்கும். விதைக்கானதை மெஷின் வருவதற்கு முந்தின நாளே கையால் அறுத்து வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

நெல்லைத் தவிர மற்றவை

சுருக்கமாகச் சொல்கிறேன். பிசானம் முடிந்து வயலில் போடும் உளுந்தும் நெல்லைப் போலத் தன்னைத்தானே சூல் கொள்ளும். மஞ்சள் தேமல் நோய் வயலையே தின்னும் வருடத்தில் பச்சையாக நிற்கும் செடிகளில் காய் எடுங்கள், அதைவிட நல்ல பரிசோதனை கிடையாது. கத்தரி, மிளகாய், வெண்டை மூன்றிலும் தேனீ விளையாடும், வேறு செடியின் மகரந்தத்தைக் கொண்டுவந்துவிடும். பிடித்த செடியில் மறுநாள் விரியப்போகும் மொட்டுக்கு மெல்லிய துணிப்பை கட்டி, பிஞ்சு விட்டதும் பையை எடுத்துவிட்டு நூல் கட்டி வையுங்கள். கத்தரி மஞ்சளாகப் பழுக்கும்வரை சமையலுக்குப் பறிக்காமல் காப்பது வீட்டில் ஒரு தனிப் போராட்டம். மானூர்ப் பக்கம் கம்பு போடுகிறவர்களுக்கு வேறு கணக்கு: கம்பில் சூல்முடி முதலில் வந்துவிடும், மகரந்தம் பிந்தித்தான் வரும், அதனால் ஊரார் கம்போடு கலந்தே தீரும். சுற்றிலும் 200 மீட்டருக்குள் வேறு கம்பு இல்லாத இடமாகப் பாருங்கள், இல்லையென்றால் மூன்று வாரம் முன்பின்னாக விதையுங்கள், விதையை இருநூறு செடிக்குக் குறையாமல் எடுங்கள். கரிசலில் கருங்கண்ணி என்ற நாட்டுப் பருத்தி வைத்திருப்பவர்கள் பக்கத்து அமெரிக்கப் பருத்தியைக் கண்டு பயப்பட வேண்டாம், குரோமோசோம் எண்ணிக்கையே 26, 52 என்று வேறாக இருப்பதால் ரெண்டும் எளிதில் கலக்காது. பஞ்சிலிருந்து விதையைப் பிரிக்கும் ஜின்னிங்கில் விதை கலப்பதுதான் அங்கே ஆபத்து.

சோறாக்கிப் பார்க்காமல் பேர் வைக்காதீர்கள்

ரெண்டு கிலோ நெல்லை எந்த மில்லிலும் அரைத்துத் தர மாட்டார்கள். உரலும் உலக்கையும் இன்னும் இருக்கிற வீட்டைக் கண்டுபிடியுங்கள். எங்கள் வீட்டில் பரிசோதனை அதிகாரி மதினிதான். அவித்துக் குத்தி, சோறாக்கி, சொதியோடு ஒரு வாய், மிச்சத்தில் தண்ணீர் ஊற்றி மறுநாள் பழையது, அரைத்து இட்லி. என் 34 வரிசையில் விளைச்சலில் முதலாவதாக வந்ததை, "நீத்தண்ணி வழவழன்னு இருக்கு, வாயில வைக்க முடியல" என்று ஒரே வார்த்தையில் தள்ளிவிட்டார். கோபம் வந்தது, ஆனால் தின்னப்போவது நாம்தானே. விளைச்சலில் நாலாவதாக இருந்த ஒன்றைத்தான் இப்போது பெருக்கிக்கொண்டிருக்கிறோம்.

தேறிய விதையை ரெண்டு மூன்று நாள் காலை வெயிலில் காய வையுங்கள், உச்சி வெயிலில் வேண்டாம். கடித்தால் டக்கென்று உடைய வேண்டும், 13 சதவீத ஈரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. ஆச்சி காலத்துக் குலுக்கை (தானியம் வைக்கும் மண் குதிர்) வீட்டில் இருந்தால் நொச்சியும் வேப்பிலையும் காயவைத்துப் போட்டு அதில் வைக்கலாம். சின்ன அளவு விதைக்கு இறுக்கமான மூடி போட்ட பாட்டில் போதும். எந்தத் தலைமுறையாக இருந்தாலும் பாதியை விதைத்து மீதிப் பாதியை வீட்டில் வைத்திருங்கள். விதைப்பதற்கு முன் நூறு மணியை ஈரச் சாக்கில் சுருட்டி முளைப்பு பாருங்கள், 80-க்குக் கீழே போனால் விதை அளவைக் கூட்டுங்கள். முட்டை மிதக்கும் அளவு உப்புக் கரைத்த தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளிவிட்டு, மூழ்கியதை ரெண்டு தடவை நல்ல தண்ணீரில் கழுவுங்கள்.

சட்டத்தைப் பற்றிப் பலர் பயந்து கேட்கிறார்கள். 2001-ஆம் ஆண்டு தாவர வகைகள் பாதுகாப்பு மற்றும் விவசாயிகள் உரிமைச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு, விவசாயி விதையைச் சேமிக்கலாம், விதைக்கலாம், பரிமாறலாம், விற்கலாம் என்று சொல்கிறது. பிராண்டு பெயர் போட்டு விற்கத்தான் கூடாது. அம்பை 16 மாதிரி ரகத்தைத் தாயாக வைத்து வேறொன்று உண்டாக்குவதையும் அந்தச் சட்டம் தடுக்கவில்லை. உங்கள் ரகம் நிலைத்துவிட்டது, மற்றவற்றிலிருந்து வேறுபட்டுத் தெரிகிறது என்றால் விவசாயி ரகமாகப் பதிவு செய்யலாம், அதற்குப் பதிவுக் கட்டணம் கிடையாது. என்னுடையது இன்னும் அந்த நிலைக்கு வரவில்லை.

அதுவரை குறைந்தது ரெண்டு பேர் கையில் விதை இருக்கட்டும், ஒருவர் கால்வாயின் மேல்மடையில், ஒருவர் கடைமடையில். நான் கொடுக்கும்போது பைக்குள் ஒரு சீட்டுப் போடுவேன்: எந்த வயல், எந்தப் பருவம், எத்தனையாவது தலைமுறை, தாய் எது, தகப்பன் எது. ரகத்தின் பெயர் என்று ஒரு கோடு இருக்கும், அதில் இப்போதைக்கு மதினி சொல்வதைத்தான் பென்சிலில் எழுதுகிறேன்: பழையது நெல்.